மைன்கிராஃப்டில் வெடி தாங்கும் வீடு: பொருள், தூரம், தண்ணீர்

கேட்டவர், பிளாக்குகளை அடுக்கிக் கட்டும் கணினி விளையாட்டான மைன்கிராஃப்டின் சர்வைவல் உலகில் கோபிள்ஸ்டோனால் (வெட்டி எடுத்த சாதாரணக் கல்) வீடு கட்டியிருக்கிறார். சுவரை ஒட்டி ஒரு கிரீப்பர் (ஆளை நெருங்கித் தானே வெடிக்கும் எதிரி) வெடித்ததில் சுவரில் ஓட்டை விழுந்து, அதன் அருகிலிருந்த செஸ்ட் (பொருள் வைக்கும் பெட்டி) ஒன்றும் சிதறிவிட்டது. இனி இரும்பு பிளாக்கால் கட்டலாமா, அப்சிடியன் என்ற கருநிற எரிமலைக் கல்லைத் தவிர வேறு வழியே இல்லையா, நண்பர்களோடு ஆடும் சர்வரில் யாராவது டிஎன்டி என்ற வெடிமருந்து பிளாக்கை வைத்தால் எது நிற்கும், மூன்று தலை கொண்ட பெரிய எதிரியான விதரைத் தாங்கும் சுவர் உண்டா என்று கேட்கிறார். நான் சொல்லும் எண்கள் எல்லாம் ஜாவா பதிப்புக்கானவை.

முதலில் இரும்பை மறந்துவிடுங்கள். வெடியைப் பொறுத்தவரை இரும்பு பிளாக்குக்கும் கோபிள்ஸ்டோனுக்கும் துளி வித்தியாசம் இல்லை. இரண்டின் வெடி தாங்கும் திறனும் 6தான். தங்கம், வைரம், மரகதம், செம்பு பிளாக்குகளுக்கும் அதே 6. செங்கல், ஸ்டோன் பிரிக், நெதர் பிரிக், டீப்ஸ்லேட் எல்லாம் இதே வரிசையில் நிற்கின்றன. ஒன்பது வைரத்தைச் சேர்த்துச் செய்த ஒரு பிளாக், தரையிலிருந்து இலவசமாக வெட்டி எடுத்த கல்லை விட ஒரு மயிரிழை கூட அதிகம் தாங்காது.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், ஆட்டத்தில் ஒவ்வொரு பிளாக்குக்கும் இரண்டு தனித்தனி எண்கள் இருப்பது. ஒன்று கடினத்தன்மை, அதாவது கோடரியாலோ கடப்பாரையாலோ உடைக்க எவ்வளவு நேரமாகும் என்பது. மற்றொன்று வெடி தாங்கும் திறன்; இனி வெறுமனே ‘எண்’ என்று சொல்வது இதைத்தான். இரண்டும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும் என்று நம்பினால் ஏமாந்துபோவீர்கள். டீப்ஸ்லேட்டின் கடினத்தன்மை 3, சாதாரண ஸ்டோனின் கடினத்தன்மை 1.5. வெட்டும்போது டீப்ஸ்லேட் இரண்டு மடங்கு உயிரை வாங்கும், ஆனால் வெடிக்கு இரண்டும் சமம். ஆன்வில்லின் கடினத்தன்மை வெறும் 5, அதன் வெடி தாங்கும் திறனோ 1200. மந்திர மேசையும் அப்படித்தான். பெயரைப் பார்த்து மயங்கவும் கூடாது. கான்கிரீட் என்றால் பதுங்குகுழி கட்டும் பொருள் என்றுதான் யாருக்கும் தோன்றும். அதன் எண் 1.8. மரப்பலகைக்கு 3. கான்கிரீட் வீட்டை விட மர வீடு வெடிக்கு நன்றாக நிற்கும், தீப்பிடிக்காத வரையில்.

பாலைவனத்தில் மணற்கல் வீடு கட்டுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சாதாரண மணற்கல்லின் எண் 0.8. அதையே ஃபர்னஸில் போட்டுச் சுட்டு வழவழப்பான மணற்கல் ஆக்கினால் எண் 6 ஆகிவிடுகிறது. குவார்ட்ஸும் இதே கதைதான்: சாதாரண குவார்ட்ஸ் பிளாக்குக்கு 0.8, சுட்டெடுத்த வழவழப்பான குவார்ட்ஸுக்கு 6. தோற்றத்தில் அதிக மாற்றமில்லாமல் சுவரின் வலு ஏழு மடங்குக்கு மேல் கூடுகிறது. இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் பலன் ஆட்டத்தில் குறைவு, இதைப் பலர் பயன்படுத்தாமல் விடுவதுதான் எனக்கு வருத்தம்.

6க்கு மேலே என்ன இருக்கிறது? எண்ட் ஸ்டோன் 9. அதற்குப் பிறகு நாம் கையால் கட்டக்கூடிய பொருட்களில் பெரிய வெற்றிடம். அதைத் தாண்டினால் தண்ணீருக்கும் லாவாவுக்கும் 100, எண்டர் செஸ்டுக்கு 600, பிறகு 1200 என்ற உச்சியில் அப்சிடியன், அழும் அப்சிடியன், ஏன்ஷியன்ட் டெப்ரி (நெதரைட் எடுக்கும் அரிய தாது), நெதரைட் பிளாக், ரெஸ்பான் ஆங்கர். பழைய அட்டவணைகளில் அப்சிடியனுக்கு 6000, ஸ்டோனுக்கு 30 என்று பார்த்திருந்தால் பயப்பட வேண்டாம். அதே எண்களை ஐந்தால் பெருக்கி எழுதும் வழக்கம் அப்போது இருந்தது, விகிதம் மாறவில்லை.

இந்த எண்கள் உண்மையில் என்ன செய்கின்றன என்பதைப் பார்த்தால்தான் எங்கே எதை வைப்பது என்று புரியும். ஒரு வெடிப்பு நிகழும்போது அதன் மையத்திலிருந்து எல்லாத் திசைகளிலும் 1352 கதிர்கள் கிளம்புகின்றன. ஒவ்வொரு வெடிக்கும் ஒரு சக்தி எண் உண்டு: காஸ்ட் என்ற பறக்கும் எதிரியின் நெருப்புருண்டைக்கு 1, கிரீப்பருக்கு 3, டிஎன்டிக்கு 4, நெதரில் (ஆட்டத்தின் நரகம் போன்ற இன்னோர் உலகம்) படுத்தால் வெடிக்கும் கட்டிலுக்கு 5, மின்னல் தாக்கிய கிரீப்பருக்கும் எண்ட் கிரிஸ்டலுக்கும் 6, விதர் பிறக்கும்போது வரும் வெடிக்கு 7. ஒவ்வொரு கதிரும் இந்தச் சக்தியை 0.7க்கும் 1.3க்கும் இடைப்பட்ட ஏதோ ஓர் எண்ணால் பெருக்கிக்கொண்டு புறப்படும். ஆகவே கிரீப்பரின் கதிர்கள் 2.1லிருந்து 3.9 வரையான வலுவோடு கிளம்புகின்றன.

கதிர் 0.3 பிளாக் நீளமுள்ள அடிகளாக நகர்கிறது. ஒவ்வோர் அடிக்கும் 0.225 வலுவை இழக்கிறது, வெறும் காற்றில் போனாலும் சரி. அந்த அடி விழும் இடத்தில் ஒரு பிளாக் இருந்தால் கூடுதல் இழப்பு: பிளாக்கின் எண்ணோடு 0.3ஐக் கூட்டி, 0.3ஆல் பெருக்க வேண்டும். கோபிள்ஸ்டோனுக்கு அது 1.89. அந்த இழப்புக்குப் பிறகும் கதிரில் ஏதாவது மிச்சமிருந்தால் பிளாக் உடையும், இல்லையென்றால் நிற்கும்.

இப்போது சுவரை ஒட்டி நிற்கும் கிரீப்பரை எடுத்துக்கொள்வோம். மிக வலுவான கதிர் 3.9. காற்றில் ஓர் அடி வைத்ததும் 3.675. சுவருக்குள் நுழைந்ததும் 1.89 போய் 1.785 மிச்சம், ஆகவே அந்தக் கல் உடைகிறது. அடுத்த அடிக்கு 0.225 போய் 1.56, அங்கேயும் கல், 1.89 கழிக்க வழியில்லை. கதிர் அங்கேயே செத்துவிடுகிறது. அதாவது கிரீப்பர் ஒன்று ஒரு முறை வெடித்தால் கோபிள்ஸ்டோன் சுவரின் ஒரு வரிசைதான் போகும். இரண்டு வரிசை தடிமனாகக் கட்டியிருந்தால் உள்வரிசை அப்படியே நின்றிருக்கும், உங்கள் செஸ்டும் தப்பியிருக்கும்.

இதே கணக்கை இன்னொரு பக்கமாகப் போட்டுப் பாருங்கள். கதிர் காற்றிலேயே தேய்ந்துபோக எவ்வளவு தூரம் வேண்டும்? எட்டு அடிகளுக்குப் பிறகு, அதாவது 2.4 பிளாக் தூரத்தில், 3.9 என்பது 2.1 ஆகியிருக்கும், கல்லை அப்போதும் உடைக்கலாம். ஒன்பதாவது அடியில் 1.875, இனி முடியாது. கோபிள்ஸ்டோன் சுவரிலிருந்து மூன்று பிளாக் தள்ளி வெடிக்கும் சாதாரண கிரீப்பரால் அந்தச் சுவரில் ஒரு கல்லைக் கூடப் பெயர்க்க முடியாது. மரப்பலகைக்கு இந்த எல்லை 3.6 பிளாக், கண்ணாடிக்கு 4.8. டிஎன்டிக்குக் கல் சுவர் 4.2 பிளாக்குக்கு மேல் தள்ளி இருந்தால் போதும். மின்னல் தாக்கிய கிரீப்பர் மட்டும் 7.8 பிளாக் வரை கல்லைத் தொடும், ஆனால் அதைப் பார்ப்பதே அபூர்வம்.

ஆகவே உங்கள் வீட்டுக்கு நான் முதலில் சொல்வது பொருளை மாற்றுவதல்ல, சுற்றிலும் இடைவெளி விடுவது. கிரீப்பர் உங்களிடமிருந்து மூன்று பிளாக்குக்குள் வந்தால்தான் சீறத் தொடங்குகிறது, ஒன்றரை விநாடியில் வெடிக்கிறது. வீட்டிலிருந்து நான்கு பிளாக் தள்ளி ஒரு வேலி போட்டால், வேலிக்கு வெளியே நிற்கும் கிரீப்பர், சுவருக்குப் பின்னால் இருக்கும் உங்களைப் பார்த்துச் சீறவும் வாய்ப்பில்லை, சீறினாலும் சுவருக்குச் சேதமில்லை. வேலியை மரத்தில் போடாமல் கோபிள்ஸ்டோனில் போடுங்கள், எண் 3க்குப் பதிலாக 6 கிடைக்கும். கணக்கு, பிளாக்கின் வடிவத்தைப் பார்ப்பதில்லை என்பதும் நினைவிருக்கட்டும். கதிர் விழும் இடம் வேலியின் மெல்லிய கம்பத்தில் படாமல் பக்கத்து வெற்றிடத்தில் பட்டாலும், அந்தப் பிளாக்கின் முழு எண்ணும் கழிக்கப்படும். கல்லால் செய்த அரைப் பலகையும் இரும்புக் கம்பியும் முழுக் கல்லுக்குச் சமமாக நிற்பது இதனால்தான்.

வெடி மையம் கிரீப்பரின் பாதத்தில் இருக்கிறது, நெஞ்சில் அல்ல. அதனால் சுவரை விடத் தரைதான் அதிகம் அடிவாங்குகிறது. மண்ணின் எண் 0.5 என்பதால் சுவரின் அடியில் பள்ளம் விழுந்து, அதன் வழியே மற்றவை உள்ளே வரும். சுவரை மட்டும் கல்லில் கட்டி அஸ்திவாரத்தை மண்ணில் விட்டுவிடாதீர்கள்.

இனி தண்ணீர். இந்தப் பதிலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. தண்ணீரின் எண் 100 என்றேன் அல்லவா? மேலே சொன்ன கணக்கில் போட்டால், தண்ணீரில் கதிர் ஓர் அடி வைத்தாலே 30க்கு மேல் இழக்கும். ஆட்டத்தில் பிறக்கும் சாதாரண வெடி எதற்கும் அவ்வளவு வலு கிடையாது. விதரின் பிறப்பு வெடியே அதிகபட்சம் 9.1தான். ஆக, ஒரு பிளாக் தடிமனுள்ள தண்ணீர்த் திரை, இத்தகைய வெடிகளைப் பொறுத்தவரை அப்சிடியன் சுவருக்கு நிகரானது. வெடி தண்ணீருக்குள்ளேயே நிகழ்ந்தால் கதிர்கள் முதல் அடியிலேயே அணைந்து, ஒரு பிளாக்கும் உடையாது.

இதை வைத்துச் செய்ய வேண்டியது எளிது. சுவரை ஒட்டியே, நிற்க இடம் விடாமல், ஒரு பிளாக் ஆழத்தில் மூன்று பிளாக் அகலத்துக்கு அகழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். கிரீப்பர் சுவரை அடைய வேண்டுமானால் தண்ணீரில்தான் நிற்க வேண்டும், தண்ணீரில் நின்று வெடித்தால் கல் அசையாது. இரண்டு வாளித் தண்ணீர் இருந்தால் இரண்டுக்கு இரண்டு குழியில் வற்றாத ஊற்று உண்டாக்கி எவ்வளவு வேண்டுமானாலும் அள்ளலாம். ஒரு வாளிக்கு மூன்று இரும்புக் கட்டி. நீங்கள் அடுக்க நினைத்த இரும்பு பிளாக் ஒன்றுக்கே ஒன்பது கட்டி ஆகும். பனிப் பிரதேசத்தில் மட்டும் எச்சரிக்கை: திறந்த வானத்தின் கீழ் தண்ணீர் உறைந்து ஐஸ் ஆகிவிடும், ஐஸின் எண் 0.5. கரையோரம் டார்ச்சுகளை நெருக்கமாக வைத்தால் உறையாது.

2018இல் வந்த 1.13 பதிப்பிலிருந்து படிக்கட்டு, அரைப் பலகை, வேலி, செஸ்ட் போன்றவற்றுக்குள்ளேயே தண்ணீரை ஊற்றி வைக்க முடியும். அப்படி ஊற்றினால் அந்தப் பிளாக்கின் எண், தண்ணீரின் எண் இரண்டில் எது பெரியதோ அதைத்தான் வெடிக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. தண்ணீர் ஊற்றிய மரப்படிக்கட்டின் எண் 3 அல்ல, 100. உங்கள் செஸ்ட் சிதறியது அதன் எண் 2.5 என்பதால். அதே செஸ்டைத் தரைமட்டத்துக்குக் கீழே குழியில் வைத்து ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டால், பக்கத்திலேயே டிஎன்டி வெடித்தாலும் நிற்கும். மூடியைத் திறக்கவும் தடையில்லை.

ஜன்னலுக்கும் இதுவே விடை. கண்ணாடியின் எண் 0.3, தனியாக வைத்தால் அது வெறும் அலங்காரம். வெளியே ஒரு கண்ணாடி, நடுவில் ஒரு வரிசை தண்ணீர், உள்ளே ஒரு கண்ணாடி என்று மீன்தொட்டி போல அமையுங்கள். வெடித்தால் வெளிக் கண்ணாடி போகும், தண்ணீர் கொஞ்சம் வெளியே வழியும், ஊற்று அதே இடத்தில் நிற்கும், உள் கண்ணாடிக்குக் கீறல் கூட விழாது. மறுநாள் வெளிக் கண்ணாடியை மாற்றினால் போதும்.

தண்ணீர் காப்பது கட்டடத்தை மட்டும்தான், உங்கள் உயிரை அல்ல. உயிருக்கு வரும் சேதம் வேறு கணக்கு: வெடி மையத்துக்கும் உங்கள் உடலுக்கும் இடையே திடமான பிளாக் மறைக்கிறதா என்று ஆட்டம் பார்க்கிறது. தண்ணீரை அது மறைப்பாக எண்ணுவதில்லை. கண்ணாடியை எண்ணுகிறது. அதோடு, உயிர்களுக்குச் சேதம் கணக்கிடப்பட்ட பிறகுதான் பிளாக்குகள் உடைகின்றன. அதனால் முழுவதும் மறைக்கும் ஒரு மண்சுவர் கூட முதல் வெடியிலிருந்து உங்களைப் பெரும்பாலும் காப்பாற்றிவிட்டுத்தான் உடைகிறது. இரண்டாவது வெடிக்கு அங்கே சுவர் இருக்காது, அவ்வளவுதான்.

சர்வரில் டிஎன்டி என்ற கேள்விக்கு வருகிறேன். கிரீப்பர் ஒருமுறை வெடித்துத் தீர்ந்துவிடும், மனிதன் திரும்பத் திரும்ப வைப்பான். கல் சுவருக்கு ஒரு டிஎன்டி ஏறத்தாழ ஒரு வரிசையைத் தின்னும், ஆகவே கல்லை எத்தனை வரிசை அடுக்கினாலும் அது எதிரிக்குக் கூடுதல் வேலைதான், தடை அல்ல. டிஎன்டியின் மிக வலுவான கதிரை ஒரு பிளாக் முழுதாக நிறுத்த அதன் எண் 17ஐத் தாண்ட வேண்டும். எண்ட் ஸ்டோனின் 9 போதாது. இங்கேதான் அப்சிடியன் தன் விலைக்கு நியாயம் செய்கிறது. வைரக் கடப்பாரையாலேயே ஒரு அப்சிடியனை வெட்ட 9.4 விநாடி ஆகும் என்பதால், வெடி பலிக்காமல் கையால் உடைக்க வருபவரும் அதிக நேரம் நின்று மாட்டிக்கொள்வார். நிஜ உலகில் அப்சிடியன் என்பது தட்டினால் சில்லு தெறிக்கும் எரிமலைக் கண்ணாடி. ஆட்டத்தில் அதற்குக் கிடைத்திருக்கும் வாழ்வு வேறு.

முழு வீட்டையும் அப்சிடியனில் கட்ட வேண்டாம், அது மாதக்கணக்கில் இழுக்கும், பார்க்கவும் இருண்டுபோயிருக்கும். பொருட்கள் இருக்கும் ஓர் அறையை மட்டும் ஆறு பக்கமும் அப்சிடியனால் மூடி, அதை வெளியிலிருந்து தெரியாதபடி சாதாரணக் கல்லால் போர்த்துங்கள். லாவா ஊற்றின் மேல் தண்ணீர் ஓடவிட்டால் அந்த இடத்திலேயே அப்சிடியன் உறைகிறது. ஆகவே வைரக் கடப்பாரை இல்லாதவரும் அச்சுக் கட்டி, லாவாவை வாளியால் ஊற்றி, தண்ணீர் விட்டு, சுவரை வார்த்தெடுக்கலாம். மிக விலையுயர்ந்த பொருட்களுக்கு எண்டர் செஸ்ட் இன்னும் நல்லது. அதன் 600க்காக மட்டுமல்ல, அதற்குள் வைத்தவை உங்களுக்கு மட்டுமே தெரியும், வேறு யார் அதைத் திறந்தாலும் அவரவர் பொருளைத்தான் பார்ப்பார்.

டிஎன்டி வைப்பவர்கள் இருக்கும் சர்வரில் தண்ணீர்த் திரையை மட்டும் நம்பக் கூடாது. விழும் மணல் தண்ணீரில் இறங்கினால் தண்ணீர் இருந்த இடத்தை மணல் பிடித்துக்கொள்ளும், மணலின் எண் 0.5. டிஎன்டி பீரங்கி கட்டத் தெரிந்தவர்கள் முதலில் மணலை வீசி, பிறகு டிஎன்டியை அனுப்புவார்கள். மேலிருந்து வழியும் நீர்வீழ்ச்சியாகத் திரையை அமைத்தால், மணல் அகன்றதும் தண்ணீர் தானாக மறுபடி நிரம்பும் என்பது ஓரளவு ஆறுதல்.

நெதரில் தண்ணீர் ஊற்றினால் ஆவியாகிவிடும், ஆனால் அங்கே பயமும் குறைவு. காஸ்ட்டின் நெருப்புருண்டையின் மிக வலுவான கதிர் 1.3, கோபிள்ஸ்டோனின் இழப்பு 1.89. ஒற்றை வரிசைக் கோபிள்ஸ்டோன் காஸ்ட்டுக்கு முழுக்காப்பு. டெரகோட்டாவின் 4.2 கூட மயிரிழையில் தப்பிக்கும், மரம் தப்பாது. நெதர் வாசலின் அப்சிடியன் சட்டம் நின்றாலும், உள்ளே மினுங்கும் ஊதாத் திரைக்கு எண் 0 என்பதால் ஒரு நெருப்புருண்டை பட்டதும் அணைந்துவிடும். வாசலைச் சுற்றி ஒரு கோபிள்ஸ்டோன் அறை கட்டி, தீக்கல் ஒன்றைக் கையோடு வைத்திருங்கள். நெதரில் ஏன்ஷியன்ட் டெப்ரி தேடுபவர்கள் இதே எண்களைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறார்கள். நெதர்ராக்கின் எண் 0.4, டெப்ரியின் எண் 1200. கட்டிலையோ டிஎன்டியையோ வெடிக்கவைத்தால் சுற்றியுள்ளது எல்லாம் போய் டெப்ரி மட்டும் அந்தரத்தில் நிற்கும்.

கடைசியாக விதர். இதற்குப் பொருள் தேடுவதில் பயனில்லை. அது பிறக்கும்போது வரும் வெடியை அப்சிடியன் தாங்கும். ஆனால் அது இடையிடையே எறியும் நீலநிற மண்டையோட்டுக்கு முன்னால் அப்சிடியன் உட்பட ஏறத்தாழ எல்லாப் பிளாக்குகளும் 0.8க்கு மேல் இல்லாதவையாகவே கருதப்படும். போதாக்குறைக்கு, அடிபட்ட விதர் தன் உடலைச் சுற்றியுள்ள பிளாக்குகளை வெடி ஏதுமின்றியே நொறுக்கும், அதற்கும் அப்சிடியன் விலக்கல்ல. உடையாதவை பெட்ராக் (உலகின் அடித்தளப் பாறை) போல நம் கையால் எடுத்து வைக்க முடியாத சிலவே. அதனால் அதை வரவழைக்க நினைத்தால் வீட்டிலிருந்து சில நூறு பிளாக் தள்ளி, நிலத்தடியில் குறுகிய சுரங்கம் வெட்டி அங்கே வரவழையுங்கள். அல்லது நெதரின் பெட்ராக் கூரையில் பொருத்தமான இடம் தேடி, அது பிறந்தவுடனேயே அந்தப் பெட்ராக்கில் சிக்கிக்கொள்ளும்படி, அதை வரவழைக்கும் சோல் சாண்டையும் மண்டையோடுகளையும் அடுக்குங்கள்.